வீட்டுக்குள் புகுந்த காட்டுயிர்: வழிவிடுவதா, விரட்டுவதா, கூண்டு வைப்பதா?

வீட்டுக்குள் புகுந்த காட்டுயிரை வெளியேற்றப் பலரும் முதலில் கையாள்வது விரட்டுதலைத்தான். உடனே பலன் தருவது போலத் தோன்றினாலும், அச்சத்தில் அந்த உயிர் வாசலைத் தேடுவதைவிட அலமாரிக்குப் பின்னும் கூரை இடுக்கிலும் ஒளியவே முயலும். தப்ப வழியில்லாமல் மூலையில் சிக்கினால், சாதுவான விலங்கும் கடிக்கும். பாலூட்டி எதுவாயினும் கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஏனெனில் கடியால் பரவும் வெறிநோயின் (ரேபிஸ்) அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்பது மிக அரிது.

வழிதவறி வந்த பறவைக்கு வழிவிட்டு ஒதுங்குவதே நல்லது. அது வெளிச்சத்தை நாடுமாதலால், ஒரு சன்னலை மட்டும் முழுதாகத் திறந்து, மற்றவற்றைத் திரையால் மறைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாம் வெளியேறிவிட வேண்டும். வௌவாலுக்கும் ஏறத்தாழ இதுவே பொருந்தும்; இருட்டியபின் விளக்கை அணைத்துச் சன்னலைத் திறந்துவைத்தால் போதும். ஆனால் வௌவாலின் பல் மிகச் சிறியது, கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். ஆகவே யாரேனும் உறங்கிய அறையில் அது காணப்பட்டால், வெளியே விடுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் விடுவதைக் கருணையான வழி என்று பலர் நம்புகிறார்கள். என்னால் அதை ஏற்க இயலவில்லை. இரையும் நீரும் மறைவிடமும் எங்கே என்று அறியாத இடத்தில், ஏற்கெனவே அங்கு வாழும் தன்னினத்தின் எல்லைக்குள் விடப்படும் விலங்கு பிழைப்பது கடினம். பிடிபட்டது தாயாக இருந்தால் அதன் குட்டிகள் கூரைக்குள்ளேயே பசியால் மடியும். இடைவெளியும் திறந்தே கிடப்பதால் அடுத்த விலங்கு வந்து சேரும். பல நாடுகளில் அனுமதியின்றிக் காட்டுயிரைப் பிடிப்பது குற்றமும்கூட.

கூரையில் குடியேறிவிட்ட அணில் போன்றவற்றுக்கு ஒருவழிக் கதவே கூண்டைவிடப் பன்மடங்கு மேலானது. வெளியே தள்ளித் திறக்கும், உள்ளே திறக்காத இக்கதவை, குட்டிகள் இல்லை என்று உறுதிசெய்த பின்னரே அவை வந்துபோகும் துளையில் பொருத்த வேண்டும். குட்டிகள் இருந்தால் அவை வளர்ந்து தாமாக நடமாடும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு நியாயமான வழியில்லை. எல்லாம் வெளியேறியபின் அத்துளையை உலோக வலையால் அடைக்க வேண்டும். மரமும் பிளாஸ்டிக்கும் கொறிக்கும் பற்களுக்கு நிற்பதில்லை.

பாம்புக்கு மட்டும் இவற்றுள் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். பயிற்சி பெற்றவரை அழைத்துவிட்டு, அவர் வரும்வரை பாதுகாப்பான தொலைவிலிருந்து அது எங்கே நகர்கிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க வாய்ப்பில்லையெனில் அறைக் கதவைச் சாத்தி, அடியிலுள்ள இடைவெளியைத் துணியால் வெளிப்புறமிருந்து அடைத்துவிடலாம். அடித்துக் கொன்ற பாம்பின் தலைகூடச் சிறிது நேரம் அனிச்சையாகக் கடிக்கக்கூடும் என்பதால், இறந்துகிடப்பதாகத் தோன்றினாலும் அதைக் கையால் தொடக்கூடாது.