ஐவரும் கோட்டுக்கு வெளியே: நான்கு பருவங்களுக்குப் பிறகு

12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறேன். நான்கு பருவங்களுக்கு முன்பு வரை என்னிடம் ஒன்பது 'செட்' ஆட்டங்கள் (யார் எங்கே ஓட வேண்டும் என்று முன்பே வகுத்து வைத்தவை) இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பெஞ்சிலிருந்து நான் விரலைக் காட்டுவேன், அவர்கள் அதன்படி ஓடுவார்கள். பயிற்சியில் பிசகே இருக்காது. போட்டியில் எதிரணி ஒரு பாஸை மறித்தால் போதும், ஐந்து பேரும் பந்தை மறந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். அதைப் பார்த்த பிறகுதான் ஒன்பதையும் கைவிட்டேன்.

பதிலுக்கு எடுத்துக்கொண்டது, ஐவரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பரவி நிற்கும் முறை. பாஸ் கொடுத்தவர் கூடையை நோக்கி ஓட வேண்டும். அவர் விட்ட இடத்தைப் பக்கத்தில் இருப்பவர் நிரப்ப வேண்டும். பந்து வரும் வழியைத் தடுப்பாளர் மறித்து நின்றால், அவர் முதுகுக்குப் பின்னால் கூடைக்கு ஓடலாம். இவ்வளவுதான் விதிகள். கூடைக்கு அடியில் யாரும் நிலைத்து நிற்பதில்லை என்பதால் மூன்று வினாடி விதிமீறல் (எதிரணிக் கூடைக்கு அடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்பது) ஏறக்குறைய ஒழிந்தது. உயரமான பிள்ளையும் டிரிபிள் செய்ய, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகர, கற்றுக்கொண்டான். 12 வயதில் அணியிலேயே உயரமானவன் 17 வயதிலும் அப்படியே இருப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லையே!

இனி குறைகள். மூன்று புள்ளிக் கோட்டின் 6.75 மீட்டர் வளைவைச் சுற்றி நின்றால், இந்த வயதுக் கைகளின் பாஸ் பாதி தூரத்திலேயே தளர்ந்துவிடும். எதிரணிக்காரன் அவசரமே இல்லாமல் வந்து எடுத்துக்கொள்வான். எல்லோரையும் ஒன்றரை அடி உள்ளே இழுத்தேன். பெண்கள் ஆட்டத்தில் பயன்படும், சற்றுச் சிறிய 6-ஆம் எண் பந்துக்கும் மாறினேன். அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஆனால் எனக்கு உண்மையான பாடம் கிடைத்தது என் குறிப்பேட்டிலிருந்து. முதல் பருவத்தில் பந்தை இழந்தவர் பெயரையும் நிமிடத்தையும் மட்டும் எழுதி வந்தேன். ஒரே பையன் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அவனை உட்கார வைத்தேன். அடுத்த ஆட்டத்தில் இழப்பு குறையவில்லை, பெயர்தான் மாறியது. பிறகு கைப்பேசியில் எடுத்த காணொளியில், ஒவ்வோர் இழப்புக்கும் மூன்று வினாடி முன்பு படத்தை நிறுத்திப் பார்த்தேன். அந்தப் பையனை இருவர் நெருக்குகிறார்கள். மற்ற நால்வரும் நட்டுவைத்த கம்பம் போல் நிற்கிறார்கள். நெருக்கடியில் பந்தை வாங்க முன்வந்தவன் அவன் ஒருவன்தான். அதனாலேயே அவன் பெயர் அத்தனை முறை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், அவனுக்குக் கூச்சமாகிவிட்டது.

அன்றிலிருந்து குறிப்பேட்டில் பெயர் இல்லை. 'மற்ற நால்வர் எங்கே இருந்தார்கள், யார் நகர்ந்துகொண்டிருந்தார்?' என்ற ஒரே பத்திதான். பயிற்சியில் டிரிபிள் இல்லாமல் நான்குக்கு நான்கு ஆடுகிறோம். பந்தில்லாதவர் ஓடாவிட்டால் ஆட்டமே நகராது. ஆட்டம் முடிந்ததும் 'ஏன் அங்கே கொடுத்தாய்?' என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். 'என்ன பார்த்தாய்?' என்று கேட்கிறேன். 'அவன் தனியாகத்தான் இருந்தான், பந்து போய்ச் சேர்வதற்குள் தனியாக இல்லை' என்றாள் ஒரு சிறுமி. தாமதமான பாஸை நான் இதைவிட நன்றாக விளக்கியதில்லை.

மூன்றாம் பருவத்தில் இந்த முறையே எங்களைக் கவிழ்த்தது. எதிரணி மைதானம் முழுவதும் நெருக்கி ஆடியது. என் பிள்ளைகள் விதிப்படி பாஸ் கொடுத்ததும் கூடையை நோக்கிப் பறந்தார்கள். பந்தை வாங்கியவர் எங்கள் பாதியில் இருவரிடம் தனியாகச் சிக்கினார். எட்டு வினாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட முடியாமல் ஒரே கால்பகுதியில் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தோம். பிழை பிள்ளைகளுடையது அல்ல, நான் விதியில் விதிவிலக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது நம் பாதியில் பாஸ் கொடுத்தவர் ஓடாமல் பந்துக்குப் பின்னால் நிற்கிறார், திருப்பி வாங்குவதற்காக.

இந்த மாதமே வெல்ல வேண்டும் என்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முதல் பருவம் பார்க்கவே அலங்கோலமாக இருக்கும். வாரத்துக்கு இரண்டு பயிற்சிதான் கிடைக்கிறது, ஆட்டங்களை மனப்பாடம் செய்ய வைக்க நேரமில்லை என்றால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. நாம் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது அடியில் நம் ஆள் இருப்பதில்லை. கூடைக்கு ஓடியவரை அங்கேயே நிறுத்தினால் எதிரணி வேகத் தாக்குதலில் புள்ளி எடுத்துவிடுகிறது. அடுத்த பருவத்தில் மூலையில் நிற்பவரை உள்ளே அனுப்பிப் பார்க்கப் போகிறேன்.