கூகுள் டொக்ஸில் ஆறு வருடம்: மற்றவர் எழுத்தைப் பார்த்துக் கொடுக்கிற ஒருத்தியின் அனுபவம்

அக்கரைப்பற்றிலிருந்து கூட்டாளி ஒருவர் கேட்டிருந்தார்: "பிள்ளைகள்ட கதைகளப் பார்த்துக் குடுக்க கூகுள் டொக்ஸ் சரிவருமா, இல்லாட்டி அச்செடுத்துத் திருத்துறது நல்லமா?" ஆறு வருடமாக அதில்தான் மற்றவர்களின் எழுத்தைப் பார்க்கிறேன். இரண்டு வரியில் பதில் போட முடியவில்லை.

காத்தான்குடியிலிருந்து இரவு பத்து மணிக்கு ஒரு கதை வந்தால், கல்லடியில் படுத்துக்கொண்டே ஃபோனில் வாசித்துக் குறிப்புப் போடலாம். பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்தது மட்டும் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். யுனிகோடுக்கு மாற்றினால் தீர்ந்தது. எனக்கு உயிர் அதன் கொமென்ட் பகுதி. எழுதியவரின் சொல்லில் கை வைக்காமல், "இந்த இடத்தில் வாப்பா கோபமாக இருக்கிறாரா, பயந்துபோய் இருக்கிறாரா? எனக்குப் பிடிபடவில்லை" என்று கேட்கலாம். ஒரு முறை அப்படிக் கேட்ட கேள்விக்குக் கீழே பதினான்கு பதில் ஓடியது. கடைசியில் அவரே கதைக்கு வேறு முடிவு எழுதினார், என்னால் யோசித்திருக்கவே முடியாத முடிவு.

என் கோபமெல்லாம் 'சஜெஸ்டிங்' மேல்தான். 2014 இலிருந்து இருக்கிற வசதி. நாம் அழிப்பது கோடு விழுந்து தெரியும், சேர்ப்பது வேறு நிறத்தில் தெரியும். எழுதியவர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்கலாம், தள்ளலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏன் என்று ஒரு வரி சொல்லாமலே அடுத்தவரின் வசனத்தை மாற்றிவிட முடிகிறதே! போதாததற்கு, கணினியில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஏற்றுக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள்.

போன வருடம் திருக்கோவில் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் தன் அம்மம்மாவைப் பற்றி எழுதி அனுப்பினார். படலையடியில் நின்று "மறுகா வா புள்ள" என்கிற மனுசி. மற்ற வசனமெல்லாம் எழுத்துத் தமிழில் இருக்கிறதே என்று 'மறுகா'வை எல்லா இடத்திலும் 'பிறகு' ஆக்கினேன். எங்கள் வீட்டில் நாளுக்கு நூறு தரம் புழங்குகிற சொல்! அக்கா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் ஒரே தட்டில் ஏற்றுவிட்டார். ஆண்டு மலரில் வந்தபோது அம்மம்மா வானொலிச் செய்தி வாசித்தார். "அது அம்மம்மாட சொல் அக்கா" என்றார் தங்கச்சி, ஃபோனில், மெதுவாக. பழைய பிரதியைக் கூகுள் வைத்திருக்கிறது. அச்சில் போனதை என்ன செய்ய?

இப்போது ல, ள, ழ பிழைக்கு மட்டும் சஜெஸ்டிங். மற்ற எல்லாம் கொமென்டில், கேள்வியாக.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், கூட்டாளி, உங்கள் பிள்ளைகளுக்குக் கூகுள் டொக்ஸ் வேண்டாம். ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு அச்செடுங்க. பென்சிலை எடுக்க முதல் ஒருக்கால் சத்தமாக வாசிங்க. தங்கச்சியின் புதுக் கதையும் என்னிடம் தாளில்தான் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் அம்மம்மா மறுபடியும் "மறுகா" என்கிறார். பக்கத்தில் ஒரு சரி போட்டு வைத்திருக்கிறேன்.