ஃபூஜி 9 பல் அடைப்பு: அலர்ஜி உள்ளவர்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

ஜப்பானின் ஜிசி நிறுவனம் தயாரிக்கும் ஃபூஜி 9, ஒருவகைக் கண்ணாடித் தூளைப் பாலிஅக்ரிலிக் அமிலத்தோடு குழைத்து அடைக்கும் கிளாஸ் அயனோமர். பாதரசமும் கிடையாது, பிசினும் (ரெசின் என்னும் பிளாஸ்டிக் பொருள்) கிடையாது. அதனால் ‘நோய் எதிர்ப்பு சக்தியைக் கெடுக்காத ஃபில்லிங்’ என்று இதைச் சிபாரிசு செய்கிறார்கள். பாதிதான் சரி.

வெள்ளி அடைப்பின் (அமால்கம்) எடையில் கிட்டத்தட்ட பாதி பாதரசம் என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் 534 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், 66 பேரின் வெள்ளையணுக்களைத் தனியே சோதித்தபோது எதிர்ப்பு சக்தியில் சொல்லும்படியான குறை எதுவும் தெரியவில்லை. நல்ல நிலையில் இருக்கும் அடைப்பைத் தோண்டி எடுக்க வேண்டாம் என்று 2020-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொன்னது. தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும்.

உண்மையான சிக்கல் அலர்ஜி. சிலருக்கு வெள்ளி அடைப்பு உரசும் இடத்தில், கன்னத்தின் உட்புறம் வெள்ளை வரிகள் தோன்றி எரியும். இது டி செல் என்ற வெள்ளையணுக்களால் தாமதமாக வரும் எதிர்வினை என்பதால், சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தால் 2 நாள் கழித்து ஒருமுறையும், 3 அல்லது 4-ம் நாள் இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். பல் நிறப் பிசின் அடைப்பிலும் ஹெமா போன்ற மெத்தாக்ரிலேட்டுகள் (பிசினில் உள்ள வேதிப்பொருள்கள்) இதே வேலையைச் செய்யும். அவை கையுறையையும் ஊடுருவும். விரல் நுனி வெடித்து அவதிப்படும் பல் மருத்துவர்களைக் கேட்டால் தெரியும்.

இந்த இரண்டு வகையினருக்கும் ஃபூஜி 9 நல்ல தேர்வு. ஆனால் பெயரில் ஒரு பொறி உண்டு. அதே குடும்பத்து ‘ஃபூஜி 2 எல்சி’ ஒளியில் இறுகுவது. அதில் ஹெமா இருக்கிறது. ஃபூஜி 9-ஐச் சரியாக அடைத்துவிட்டு, மேலே பளபளப்புக்குப் பிசின் கோட் பூசினாலும் காரியம் கெட்டது. அலர்ஜிக்காரருக்கு வாசலின் போதும்.

கலவை: ஒரு மட்டக் கரண்டி தூளுக்கு ஒரு சொட்டுத் திரவம், எடையில் 3.6-க்கு 1. 30 விநாடிக்குள் குழைத்து, பளபளப்பு மங்குமுன் குழியில் வைத்துவிட வேண்டும். மங்கிய பிறகு வைத்தால் பல்லோடு ஒட்டாது, சில வாரத்தில் பெயர்ந்து வரும். ‘கொழகொழவென்று இருந்தால் வைக்கச் சுலபம்’ என்று தூளைக் குறைப்பதுதான் பல கிளினிக்குகளில் நடக்கும் தவறு. வலு போய், சீக்கிரம் தேய்ந்துவிடும். இறுகும்போது எச்சில் பட்டாலும், காய்ந்துபோனாலும் மேற்பரப்பு சுண்ணாம்பாக வெளுத்து விரிசல் விடும். குழி நரம்பை நெருங்கியிருந்தால் அடியில் கால்சியம் ஹைட்ராக்சைடு வைக்காமல் அடைக்கக் கூடாது.

குழந்தைகளின் பால் பல்லுக்கும், ஈறோரச் சொத்தைக்கும் தயங்காமல் கேட்டு வாங்கலாம். கடைவாய்ப் பல்லில் இரு பற்களுக்கு இடையே பெரிய குழி என்றால் இது தாங்காது, ஓரம் உடையும். பிசினும் ஆகாதவர்கள் அங்கே பீங்கான் கேப் பற்றிப் பேசலாம். அதை ஒட்டும் சிமெண்ட்டும் பிசின் இல்லாததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.