நொஞ்சான் வாத்துக்குஞ்சு: அடைக்கோழியிடம் விடுவதா, பல்புப் பெட்டியில் வைப்பதா?

மாசிக் கடைசியில் எங்கள் வீட்டுச் செவலைக் கோழி ஒன்பது வாத்து முட்டையில் ஏழைப் பொரித்தது. நாலு குஞ்சு அன்றைக்கே துருதுருவென்று திரிந்தன. மூன்று நொஞ்சான். ஒன்று ஓட்டை உடைக்கவே ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டு, வெளியே வந்த பிறகும் தலையைத் தூக்கவில்லை. இன்னொன்று நின்றது, நடக்கவில்லை. மூன்றாவதுக்குக் கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்துகொண்டே போயின.

முட்டை வாங்கியது எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வந்தவர்களிடம். மேய்ச்சல் வாத்து முட்டை போடுமே தவிர பெரும்பாலும் அடை படுக்காது. அதனால் தாய் வாத்து என்ற பேச்சே இல்லை. கோழிக்கு அடியிலேயே நொஞ்சானையும் விட்டுவைக்கலாம், இல்லை தனியே எடுத்துப் பல்பு வெளிச்சத்தில் வளர்க்கலாம். இருப்பது இந்த இரண்டு வழிதான்.

அப்பத்தாவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. "ஏத்தா, கோழிச் சூட்டுக்கு ஒம் பல்பு ஈடாகுமா? தூக்காத, அதுகிட்டயே கிடக்கட்டும்" என்றார். நான் தூக்கினேன். மூன்றில் இரண்டு பிழைத்தன. போன வருஷம் இதே மாதிரி ஒரு குஞ்சைக் கோழியிடமே விட்டு இழந்திருந்தேன். அதனால்தான் இந்த முறை அப்பத்தா பேச்சை மீறினேன். பல்புப் பெட்டிப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோழியின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கரண்ட் வேண்டாம், ஆள் கண் விழிக்க வேண்டாம், கூடப் பிறந்ததுகளோடு கிடப்பதால் குஞ்சு தனியே கத்திக் கத்திச் சோர்ந்து போகாது. நல்ல குஞ்சுக்கு அதைவிட வேறெதுவும் தேவையில்லை. ஆனால் நினைத்த நேரத்தில் அடைக்கோழி கிடைக்காது. கிடைத்தாலும் வேறு குஞ்சைப் பகலில் கொண்டுபோய் விட்டால் கொத்தித் துரத்தும். இருட்டிய பிறகு சத்தமில்லாமல் இறக்கைக்கு அடியில் சொருக வேண்டும்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். பொரித்த மூன்றாம் நாள் விடிந்ததும் கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குக் கிளம்பிவிட்டது. நொஞ்சான் பத்தடி போய் உட்கார்ந்துவிட்டது. கோழி ஒரு தரம் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டது, பிறகு போய்விட்டது. அதன் மீது குறையில்லை. ஆறு குஞ்சு முன்னால் ஓடும்போது ஒன்றுக்காக அது நிற்க முடியுமா? நான் பார்த்தபோது வெயில் ஏறியிருந்தது. தொட்டித் தண்ணீர் வழிந்த ஈரத்தில் குஞ்சு கிடந்தது, வயிறு முழுக்க நனைந்து, கால் சில்லென்று. அன்று சாயங்காலம் போய்விட்டது.

சூடு கோழியிடமும் கிடைக்கும், பல்பிலும் கிடைக்கும். நொஞ்சான் பிழைப்பதும் போவதும் ஈரத்தில்தான் இருக்கிறது. இது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. தாய் வாத்தோடு ஒட்டிக் கிடக்கும் குஞ்சுக்கு அதன் இறகிலுள்ள எண்ணெய் மேலே படும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு போகும். கோழி பொரித்த குஞ்சுக்கு அந்தப் பூச்சு சரியாகக் கிடைப்பதில்லை. பார்க்க வாத்துதானே, தண்ணீரில் விட்டால் தெளிந்துவிடும் என்று நம்பித்தான் நிறையப் பேர் கொன்றுவிடுகிறார்கள். பூப்போன்ற தூவி தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப் போகும், உடம்புச் சூடு இறங்கும், அதற்குமேல் எதைக் கொடுத்தாலும் செரிக்காது.

எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். கடலோரத்தில் அந்தப் பனியோடு உப்பு ஈரமும் சேர்ந்துகொள்ளும். சாயங்காலம் காய்ந்து கிடந்த சாக்கு விடியும்போது பிசுபிசுக்கும்.

பெட்டிக்கு முதலில் தெர்மோகோல் மீன்பெட்டியைத்தான் எடுத்தேன். ஊரில் சும்மாவே கிடைக்கும், சூட்டையும் பிடித்து வைக்கும். ஆனால் அரை நாளில் உள்சுவர் வியர்த்தது. குஞ்சு வேறு மணிமணியாகக் கொத்தி எடுத்தது. தூக்கிப் போட்டுவிட்டுப் பனையோலைக் கடகத்துக்கு மாறினேன். ஓலைக்கு மூச்சு உண்டு, ஈரம் தங்காது. பல்பு ஓலையைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பியில் இரண்டு இடத்தில் கட்டி ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டேன். எல்இடி பல்பு வெளிச்சம் கொடுக்குமே தவிர இதற்கான சூடு தராது, பழைய குண்டு பல்புதான் வேண்டும். இப்போது எல்லாக் கடையிலும் இருப்பதில்லை, முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். 60 வாட் பல்பு நாள் முழுக்க எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட்.

முதல் வாரம் குஞ்சு இருக்கும் மட்டத்தில் 32 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். அளக்கக் கருவி இல்லாவிட்டால் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு நேர் கீழே ஒடுங்கிக் கத்தினால் குளிர்கிறது. ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். கழுத்தை நீட்டிப் போட்டுப் பரவித் தூங்கினால் சரியாக இருக்கிறது. கடகத்தின் ஒரு பாதிக்குத்தான் பல்பு, மறு பாதி நிழல். எது வேண்டுமோ அதைக் குஞ்சே தேடிக்கொள்ளட்டும்.

இனி விரிப்பு. பெட்டி வளர்ப்பில் மெனக்கெடல் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம், வழுக்கி வழுக்கி நல்ல காலும் விரிந்துவிடும். கடற்கரை மணலில் உப்பும் ஈரமும் இருக்கும். உமியைத் தீனி என்று நினைத்துத் தின்றுவிடும். சாக்கு நூல் விரலில் சுற்றிக்கொள்ளும். கடைசியில் நின்றது பழைய பருத்தி வேட்டி. கிழித்து நாலாக மடித்து, ஓரத்தை நன்றாகச் செருகிவிட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை மாற்றினேன். எட்டுத் துண்டு சுற்றில் இருந்தது. கொடியில் நாலு, கடகத்தில் ஒன்று, மற்றது மடித்துத் தயாராக.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. மீன் கழுவி, பாத்திரம் விளக்கி மரத்துப்போன கைக்கு லேசான ஈரம் உறைக்காது. குஞ்சை எடுத்து அதன் வயிற்றைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். காய்ந்த தூவி பஞ்சாக ஒத்தும். ஈரமென்றால் குச்சி குச்சியாகச் சேர்ந்து முள்மாதிரி குத்தும், தோல் குளிர்ந்து தெரியும். அப்போது துணியால் ஒற்றி, உள்ளங்கையில் மல்லாக்க வைத்துப் பல்புக்குக் கீழே இரண்டு நிமிஷம் பிடிப்பேன். முதலில் திமிறும், சூடு ஏறியதும் கால் தளர்ந்து கண் சொருகிவிடும்.

விரிப்பை அதிகமாக நனைப்பது பனி இல்லை, குடிக்கும் தண்ணீர்தான். வாத்துக்குஞ்சு அலகோடு மூக்குத் துளையும் முங்கும் அளவுக்குத் தண்ணீர் கேட்கும். மூக்கு கழுவாவிட்டால் தீனி அடைத்துக்கொள்ளும். ஆழம் வேண்டும், ஆனால் உள்ளே இறங்கவும் கூடாது. சிரட்டையில் தண்ணீர் ஊற்றி, விளிம்பைச் சுற்றி உள்ளே கூழாங்கல் அடுக்கி, நடுவில் அலகு போகும் இடம் மட்டும் விட்டேன். சிரட்டைக்குக் கீழே ஒரு தட்டு, தட்டின் மேல் பொடிக்கண் இறால் வலைத் துண்டை இழுத்துக் கட்டியது. சிந்துவது வலை வழியாகத் தட்டுக்குள் போய்விடும். பெரிய கண் வலை வேண்டாம், நகம் மாட்டும். இதைச் செய்த பிறகு ஐந்து மாற்றல் மூன்றாகக் குறைந்தது.

கோழியிடம் இந்த வேலை எதுவும் நடக்காது. அது சூடு கொடுக்கும், நனைந்த குஞ்சைக் காயவைக்க நிற்காது. எனக்குத் தராசு சாய்ந்த இடம் இதுதான்.

பெட்டிக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு, கரண்ட். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் போனது, விடிய ஐந்துக்குத்தான் வந்தது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி உள்ளே படுக்க வைத்தேன், முக்கால் மணிக்கு ஒரு தடவை மாற்றினேன். குஞ்சுகள் அதன்மேல் கழுத்தைப் போட்டுக் கிடந்தன. தலை தூக்காத அந்த முதல் குஞ்சு மறுநாள் காலையில் போய்விட்டது. கரண்ட் போனதாலா, பிறக்கும்போதே பலமில்லாததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எங்கள் மாவட்டத்தில் சீமைக்கருவேலங்கரிக்குப் பஞ்சமில்லை, கரிச்சட்டி வைக்கலாமே என்று பக்கத்து வீட்டு மதினி சொன்னார். மூடிய அறையில் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், கூடப் படுத்திருக்கும் மனுஷரையும் கொல்லும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

தீனி இரண்டு வழிக்கும் பொது. பொரித்த குஞ்சு வயிற்றிலுள்ள மஞ்சள் கருவை வைத்தே ஒரு நாள், ஒன்றரை நாள் தாங்கும்; பதறி ஊட்ட வேண்டாம். உடம்பு சூடேறிய பிறகுதான் எதுவும். அலகு ஓரத்தில் வெல்லத் தண்ணீரை ஒரு சொட்டு வைத்தால் தானே நக்கிக்கொள்ளும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போய்விடும். பிறகு அவித்த முட்டை மஞ்சள் கருவை உதிர்த்து நனைத்து வைத்தேன்.

குருணைச் சோறு மட்டும் போட்டு வளர்த்தால் கால் வளைவதற்குக் காரணம் நயாசின் என்ற பி3 வைட்டமின் குறைவு. கறிக்கோழிக் குஞ்சுத் தீனியில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் போதும், வாத்துக்குஞ்சுக்கு 55 வேண்டும். தீட்டிய அரிசியில் அது குறைவு, தவிட்டில் நிறைய உண்டு. புதுத் தவிட்டைச் சலித்துக் கலந்தேன். பி காம்ப்ளக்ஸ் மருந்தும் கொடுத்தேன், அளவு கால்நடை மருத்துவர் சொன்னபடி. கடலைப் பிண்ணாக்கு வேண்டாம். பூசணம் பிடித்த பிண்ணாக்கிலும் சோளத்திலும் வரும் அஃப்ளடாக்சின் நஞ்சை வாத்துக்குஞ்சால் துளிகூடத் தாங்க முடியாது, ஈரல் கெட்டுவிடும்.

கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொன்று. கருவாட்டுத் தூள் போடாதீர்கள், போர்த்தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதையும் வைக்காதீர்கள். குஞ்சுக்கு உப்பு ஆகாது. நாங்கள் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைத்தான் வைத்தோம்.

கால் விரிந்த குஞ்சுக்கு, இடுப்பு அகலம் விட்டு இரண்டு காலையும் மெல்லிய பருத்தி நாடாவால் எட்டு வடிவத்தில் கட்டினேன். நாலு நாள். தினமும் அவிழ்த்து, வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். கோழியிடம் கிடக்கும் குஞ்சுக்கு இதைச் செய்யவே முடியாது. கட்டோடு விழும் குஞ்சைக் கோழி மிதித்துவிடும். ஐந்தாம் நாள் அவிழ்த்ததும் நின்றது. இப்போதும் ஓடும்போது இடது கால் கொஞ்சம் உள்பக்கம் திரும்பும்.

கழுத்து துவண்டு தொங்கினாலோ, தலை முதுகுப் பக்கமாக வளைந்து இழுத்தாலோ, ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தாலோ கோழியா பெட்டியா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். 1962க்குப் போன் செய்தால் நடமாடும் வண்டியும் உண்டு.

பெட்டியில் ஒற்றைக் குஞ்சு மட்டும் இருந்தால் ஓயாமல் கத்தும். எனக்கு இரண்டு இருந்ததால் அந்தக் கஷ்டம் வரவில்லை. ஒன்றுதான் என்றால் திடமான குஞ்சு ஒன்றைத் துணைக்கு எடுத்துக்கொள்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

பத்தாம் நாள் ராத்திரி இரண்டையும் கோழிக்கு அடியில் சொருகினேன். காலையில் கால் விரிந்திருந்ததைச் சேர்த்துக்கொண்டது, மற்றதைத் தலையில் கொத்தியது. அதை மட்டும் இன்னும் நாலு ராத்திரி கடகத்தில் படுக்க வைத்தேன், பகலில் கூட்டத்தோடு விட்டேன். தானே சேர்ந்துகொண்டது.

அப்பத்தா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஐப்பசி, கார்த்திகையில செஞ்சு பாரு, அப்பத் தெரியும்" என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. அடைமழையில் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல், கொடியில் துணியும் காயாமல் இருந்தால் என் பெட்டிக்கு வழியில்லை. அந்த நாளில் கோழியைக் குஞ்சுகளோடு உள்ளேயே பஞ்சாரத்தில் அடைத்து, நொஞ்சானைப் பகலில் மட்டும் எடுத்து ஊட்டித் துடைத்துவிட்டு, ராத்திரி அதன் அடியிலேயே விடுவேன். குப்பைமேட்டுக்குப் போக முடியாத கோழி விட்டுவிட்டும் போகாது அல்லவா. இதை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை.