ஏசி அறையில் நெபந்தஸ்: ஈரப்பதத்துக்காக வாங்கியதில் எது உதவியது?

சென்னையில் நெபந்தஸ் என்ற குடுவைச் செடி வளர்ப்பவருக்கு ஈரப்பதம் ஒரு கவலையே இல்லை, ஏசி போடாத வரைக்கும். கடற்காற்று வரும் என் பால்கனியில் மீட்டர் பெரும்பாலும் 65 சதவீதத்துக்கு மேல்தான் நிற்கும். அதே வீட்டின் ஏசி அறையில் 45. பால்கனி மேற்குப் பார்த்தது, மே மாத வெயில் இலையைச் சுட்டுவிடும் என்பதால் செடி சில வருடங்களாக அறைக்குள்தான் இருக்கிறது. வென்ட்ராட்டா என்ற கலப்பினம். இந்தப் பேரினத்தில் அதிகம் பொறுத்துப்போகிற வகை.

வறண்ட காற்றில் செடி செத்துவிடாது. இலைகூட ஒழுங்காக வரும். அடிபடுவது இலை நுனியிலிருந்து தொங்கும் கொடியின் முனையில் உள்ள மொட்டுதான். ஊதிக் குடுவையாக வேண்டிய நேரத்தில் காற்று காய்ந்திருந்தால் அது கருகி அப்படியே நின்றுவிடும். ஏற்கெனவே திறந்த குடுவைகள் அவ்வளவு எளிதில் வாடுவதில்லை.

ஸ்ப்ரே பாட்டிலால் பயனில்லை. அடித்த சில நிமிடங்களில் மீட்டர் பழைய எண்ணுக்கே வந்துவிடுகிறது. கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டும் ஏறக்குறைய அப்படித்தான். திறந்த அறையில் இரண்டு மூன்று சதவீதம் கூடினால் பெரிது. அந்தத் தண்ணீரை நாலைந்து நாளுக்கொரு முறை மாற்றாவிட்டால் கொசு வளர்ப்புதான் நடக்கும்.

அதிகம் செலவழித்தது காற்றில் ஈரத்தைக் கூட்டும் ஹியூமிடிஃபையருக்கு. பார்க்க அழகு, புகைபோல் வருகிறது. ஆனால் ஏசி வேலையே காற்றிலுள்ள ஈரத்தைக் குளிர்ந்த காயிலில் நீராக்கி வெளியேற்றுவதுதானே? இரவெல்லாம் இது விட்ட தண்ணீர் ஏசியின் வடிகுழாய் வழியாகப் போனது. இரண்டுக்கும் நாமே கரண்ட் பில் கட்டுகிறோம். மீட்டர் 50-ஐத் தாண்டியது அபூர்வம். அல்ட்ராசோனிக் வகையில் உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலையிலும் மேசையிலும் வெள்ளைப் பொடி படியும். ஆர்ஓ தண்ணீர் வேண்டும். ஆர்ஓ என்றாலும், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் ஒருமுறை பாருங்கள். குடிக்கச் சுவையாக இருக்கட்டும் என்று பல இயந்திரங்களில் தாது உப்பைக் கூட்டி வைத்திருப்பார்கள். செடிக்கு 50-க்குள் இருந்தால் நல்லது. ஹியூமிடிஃபையரின் தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் வழவழவென்று பாசி வேறு.

கடைசியில் உதவியது பழைய இரண்டடி மீன் தொட்டி. அடியில் களிமண் உருண்டைகள், அவற்றின் பாதி உயரத்துக்குத் தண்ணீர், அதன் மேல் பிளாஸ்டிக் கம்பி வலை, வலையில் செடித்தொட்டி. மேலே முக்கால்வாசி கண்ணாடி மூடி. ஏசி ஓடும்போதும் உள்ளே 70-க்கு மேல் நிற்கிறது, ஈரத்துக்கென்று மின்சாரச் செலவு கிடையாது. முழுக்க மூடினால் 90-ஐத் தாண்டும், ஆனால் காற்றோட்டமில்லாமல் பூஞ்சை வரும். மூடியோரம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன் வைத்திருக்கிறேன். தொட்டிக்குள் வைத்ததும் பலன் தெரியாது. கருகிய மொட்டு திரும்ப உயிர்க்காது. புதிதாக வரும் இலைகளில்தான் வித்தியாசத்தைப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும்: குடுவை வராததற்கெல்லாம் ஈரப்பதத்தைக் குற்றம் சொல்ல முடியாது. வெளிச்சம் போதாவிட்டால் எவ்வளவு ஈரம் இருந்தும் வெறும் இலைதான். தொட்டிக்கு மேலே எல்இடி விளக்கைக் கீழே இறக்கித் தினமும் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்ட பிறகுதான் குடுவைகளில் சிவப்பு ஏறியது.

மலிவு ஈரப்பத மீட்டர்களை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு மூடியில் உப்பைக் கொட்டி, சேறுபோல் ஆகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு ஜிப் கவரில் போட்டு மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது, அதனால் ஆறு கூட்டிப் படிக்கிறேன்.

தொட்டியைப் பார்த்துவிட்டு, போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் ராஜா வகையை இதில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். ஈரம் கொடுத்துவிடலாம். ஆனால் அது 1,500 மீட்டருக்கு மேல் வளர்கிற செடி, குளிர்ந்த இரவு வேண்டும். படுக்கையறை ஏசியை 18-இல் வைத்தாலும் அதற்குப் போதாது, நமக்குத்தான் சளி பிடிக்கும்.