தாடை மூட்டு வலிக்கு நைட் கார்டு: எதை வாங்கலாம், எதை எதிர்பார்க்கலாம்

தாடை மூட்டு வலிக்காக இரவில் பல்லில் மாட்டிக்கொண்டு தூங்கும் நைட் கார்டுகளில் இரண்டு வகைகளை நான் பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்று, இணையக் கடைகளில் கிடைக்கும், வெந்நீரில் போட்டு இளக்கி நாமே கடித்து வடிவமைத்துக்கொள்ளும் மென்மையான கார்டு. மற்றொன்று, பல் மருத்துவர் அளவெடுத்து, லேபில் செய்து வாங்கிப் பொருத்திய கெட்டியான அக்ரிலிக் தகடு. இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். ஆனால் வலியோடு இருப்பவருக்கு அவை தரும் பயன் ஒன்றல்ல. கெட்டித் தகடு கொடுத்த பணத்துக்குத் தகுந்தது என்பதே என் முடிவு. அதே வேளையில், அது மூட்டைக் குணப்படுத்திவிடும் என்று எண்ணி யாரும் வாங்க வேண்டாம். பல் தேய்வதைத் தடுப்பதும், காலையில் எழும்போது தாடை இறுகிக் கிடப்பதைத் தளர்த்துவதும்தான் அதன் வேலை. எஞ்சியதை விழித்திருக்கும் நேரத்தில் நாம்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்கு வலி தொடங்கியது வலக் காதுக்குச் சற்று முன்னால், விரலை வைத்து வாயைத் திறந்தால் எலும்பு நகர்வது தெரியுமே, அந்த இடத்தில். காலையில் தாடை கனத்துக் கிடக்கும். நெற்றிப்பொட்டு வரை வலி ஏறும். தட்டையோ முறுக்கோ கடித்தால் காதுக்குள் குத்தும். கொட்டாவி விட்டால் 'டக்' என்று சத்தம் கேட்கும். காதுவலி என்று நினைத்து முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போனேன். காதில் ஒன்றுமில்லை, தாடை மூட்டாக இருக்கும் என்று அவர்தான் பல் மருத்துவரிடம் அனுப்பினார். இப்படி வழிமாறிப் போவது புதிதல்ல. காது அடைப்பு, இரைச்சல், வலி ஆகியவற்றைத் தாடை மூட்டோடு தொடர்புபடுத்தி 1934-இல் எழுதிய ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கரே ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவர்தான்.

எந்தக் கார்டு எதற்கு உதவும் என்பது புரிய, மூட்டு எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வாயைத் திறக்கும்போது கீழ்த்தாடை எலும்பின் உருண்டை முனை முதலில் தன் இடத்திலேயே சுழல்கிறது. மேலும் திறந்தால், மண்டையோட்டுக் குழியிலிருந்து வெளிவந்து முன்னோக்கி வழுக்குகிறது. இரண்டு எலும்புகளுக்கும் இடையில் மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. அது முன்பக்கமாக விலகியிருந்து, வாய் திறக்கும்போது மறுபடி தன் இடத்துக்கு வந்தால், அந்த 'டக்' கேட்கிறது. வலியோ அடைப்போ இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படுவதில்லை. நம்மில் பலருக்கு வலி வருவது மூட்டிலிருந்து மட்டுமல்ல. கன்னத்தில் இருக்கும் மெல்லும் தசையும் பொட்டுப் பகுதித் தசையும் ஓய்வில்லாமல் இறுகிக் கிடப்பதாலும் வருகிறது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இது கூடலாம். ஆனால் பல் கடிப்பவர்கள் எல்லோருக்கும் தாடை வலி வருவதில்லை. தாடை வலி உள்ளவர்கள் எல்லோரும் பல் கடிப்பவர்களும் இல்லை.

இணையக் கடையில் வாங்கிய கார்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை சில நூறு ரூபாய். இளகும் பிளாஸ்டிக்கில் செய்த லாட வடிவத் துண்டு. பெட்டியில் குறித்திருக்கும் நேரம் வரை வெந்நீரில் போட்டு, எடுத்து ஆறவிட்டு, மேல்வரிசையில் வைத்துக் கடித்து, உதட்டாலும் விரலாலும் அழுத்த வேண்டும். ஓரம் நீண்டு ஈறைக் குத்தினால் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் ஒரு தடுப்பாக அது இருந்தது உண்மைதான். ஆனால் தடிமனாக இருந்ததால் உதடு முழுதாக மூடவில்லை. மென்மையாக இருந்ததால் தாடை அதை இரவெல்லாம் மெல்லவே முனைந்தது. காலையில் கன்னத் தசை முன்பைவிடக் களைத்திருந்தது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். மென்மையான கார்டிலேயே நிம்மதி கண்டவர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும், கடைவாய்ப் பக்கம் மட்டும் படிந்து முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் கார்டை மாதக்கணக்கில் போட்டுக்கொள்வது நல்லதல்ல. அது சரியாகப் படிந்திருக்கிறதா என்பதை நம் நாக்கால் மட்டும் சோதித்துவிட முடியாது. பல் மருத்துவரைப் பார்க்கும் வரை பல்லைக் காத்துக்கொள்ள அது போதும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். விளையாட்டு வீரர்கள் அணியும் மவுத் கார்டு இதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. அது அடி தாங்குவதற்கானது.

மருத்துவர் செய்துகொடுக்கும் தகட்டின் மதிப்பு தகட்டில் பாதி, அதைப் பொருத்தும் கையில் பாதி. நான் முதலில் விசாரித்த ஒரு கிளினிக்கில் தாடையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், 'கார்டு போட்டால் சரியாகிவிடும்' என்று விலையைச் சொன்னார்கள். அங்கே செய்துகொள்ளாமல் வந்துவிட்டேன். பிறகு போன மருத்துவர், செயற்கைப் பல் பொருத்தும் துறையில் மேற்படிப்பு படித்தவர். முதலில் இரு கன்னங்களையும் பொட்டுகளையும் விரலால் அழுத்தி எங்கே வலிக்கிறது என்று கேட்டார். காதுக்கு முன்னால் விரல் வைத்தபடி வாயைத் திறந்து மூடச் சொன்னார். தாடை ஒரு பக்கம் கோணிக்கொண்டு திறக்கிறதா என்று பார்த்தார். முன்பற்களுக்கு இடையில் அளவுகோலை வைத்து எவ்வளவு திறக்கிறது என்று குறித்துக்கொண்டார். பெரியவர்களுக்குப் பொதுவாக 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் திறக்கும். நம் மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி உள்ளே விட முடிந்தால் ஏறக்குறைய அந்த அளவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து அவர் கேட்டது பாக்கு, பான் மசாலா பழக்கம் உண்டா என்பது. எனக்கு இல்லை. ஆனால் நம் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாருக்கும் கார்டு செய்யக் கூடாது. பாக்கு மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உட்சதை நார்போல் இறுகி, வாய் மெல்ல மெல்லத் திறக்க முடியாமல் போகும் நோய் ஒன்று வருகிறது. காரம் பட்டால் எரியும். பின்னாளில் புற்றுநோயாக மாறும் அபாயமும் அதில் உண்டு. அதை மூட்டு வலி என்று நினைத்துக் கார்டு போட்டுக்கொண்டு காலம் கடத்துவது ஆபத்து. வீட்டில் யாருக்காவது பாக்குப் பழக்கம் இருந்து, வாய் முன்போலத் திறக்கவில்லை என்றால், கார்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அளவெடுப்பது எளிதான வேலை. ஆல்ஜினேட் என்ற மாவுக் குழம்பைத் தட்டில் நிரப்பி மேலும் கீழும் அழுத்திப் பிடிக்கிறார்கள். இறுகும் வரை மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் குமட்டல் தெரியாது. இப்போது சில இடங்களில் குழம்பே இல்லாமல் ஸ்கேனரால் அளவெடுக்கிறார்கள். தகடு லேபிலிருந்து வந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். அதை மேல்வரிசையில் மாட்டி, மெல்லிய நீலக் காகிதத்தை இடையில் வைத்துக் கடிக்கச் சொன்னார். வெளியே எடுத்துப் பார்த்தால் வலப்பக்கக் கடைவாயில் அடர்ந்த நீலப் புள்ளிகள். இடப்பக்கம் ஏறக்குறைய வெறுமை. புள்ளி அடர்ந்திருந்த இடத்தைச் சிறு கருவியால் தேய்த்தார். மறுபடி காகிதம், மறுபடி கடி, மறுபடி தேய்ப்பு. கடைசியில் இரு பக்கமும் கீழ்ப்பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் படிந்தன. பிறகு கடித்தபடியே தாடையை இடமும் வலமும் முன்னும் நகர்த்தச் சொல்லி, கடைவாய்ப் பற்கள் எங்கும் இடறாமல் விலகுகின்றனவா என்று பார்த்தார். சமதளமாகப் படியும் இந்த வகைத் தகட்டுக்கு மிச்சிகன் ஸ்பிளின்ட் என்று பெயர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராம்ஃப்யோர்ட், ஆஷ் ஆகிய இரு பேராசிரியர்கள் பரப்பியது. சில வாரங்கள் கழித்து வரச் சொல்லி மறுபடி இதே சோதனையைச் செய்தார். தசை தளர்ந்த பிறகு கடி சற்று மாறும் என்பதால் இந்த மறுபார்வை அவசியமாகிறது. மறுபார்வைக்கு அழைக்காத இடத்தில் தகடு செய்துகொள்ளாதீர்கள்.

முதல் சில இரவுகள் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. பற்கள் இறுகப் பிடித்திருப்பது போன்ற உணர்வு தூக்கத்தைக் கெடுத்தது. பிறகு பழகிவிட்டது. காலையில் தாடை இறுகிக் கிடப்பது தெளிவாகக் குறைந்தது. பொட்டு வலியும் குறைந்தது. பல் கூச்சம் மறைந்தது. தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கோரைப்பல் படும் இடத்தில் கீறல்கள் கோடு கோடாகத் தெரிகின்றன. அது இல்லாவிட்டால் அந்தத் தேய்மானம் என் பல்லில் விழுந்திருக்கும். ஆனால் 'டக்' சத்தம் அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுக்க வகுப்பில் பேசிவிட்டு வந்தால் மாலையில் காதுக்கு முன்னால் வலிப்பதும் தகட்டால் நீங்கவில்லை.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன. வாங்கும் முன் இதை அறிந்திருப்பது நல்லது. பிரிட்டனில் 2020-இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, இத்தகைய தகடுகள் தாடை மூட்டு வலியைக் குறைக்கின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு முதலிடம் கொடுத்தது தாடைப் பயிற்சிகளுக்கும், கழுத்தையும் முதுகையும் சரியான நிலையில் வைக்கும் பயிற்சிகளுக்கும், பயிற்சி பெற்றவர் கையால் மூட்டையும் தசையையும் இளக்கும் சிகிச்சைக்கும், மனநலச் சிகிச்சை முறைகளுக்கும்தான். கழற்றி மாட்டும் தகடுகளைப் பரிந்துரைக்காத பட்டியலில், ஆனால் திட்டவட்டமாக மறுக்காத நிலையில் அது வைத்திருக்கிறது. என் மருத்துவரும் இதை மறைக்கவில்லை. 'உங்கள் பல் தேய்கிறது, அதற்காகத் தகடு. வலிக்காகப் பயிற்சி' என்று பிரித்தே சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை மற்றவர்களுக்கும் பரிந்துரைத்து வருகிறேன்.

அவர் சொன்னவற்றில் எனக்கு அதிகம் பலன் தந்தது மிகச் சிறிய விஷயம்: உதடு மூடியிருக்க வேண்டும், பற்கள் ஒட்டக் கூடாது, நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் படிந்திருக்க வேண்டும். மென்று விழுங்கும் நேரம் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய தேவையே இல்லை. விடைத்தாள் திருத்தும்போதும் கைப்பேசியைப் பார்க்கும்போதும் என் பற்கள் இறுகிக் கிடப்பதை அதன் பிறகுதான் கவனித்தேன். இதோடு வெந்நீர் ஒத்தடம், நாக்கை அண்ணத்தில் வைத்தபடி வாயை மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சி, வலி கூடிய நாட்களில் கரும்பு, கடலை மிட்டாய், சூயிங் கம் போன்றவற்றைத் தவிர்ப்பது. மாலை வலி குறைந்தது இவற்றால்தான்.

சிலர் தகடு வாங்குமுன் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். குறட்டை அதிகம் விடுபவர்களுக்கும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கும் மேல்வரிசைத் தகடு அதைக் கூட்டக்கூடும். முன்பற்களை மட்டும் மூடும் சிறிய கார்டுகளை நெடுநாள் போட்டால் கடைவாய்ப் பற்கள் மேலெழுந்து கடி மாறும் அபாயம் உண்டு. எந்தத் தகட்டையும் மருத்துவர் சொல்லாமல் பகலிலும் இரவிலும் தொடர்ந்து போட வேண்டாம். காலையில் கழற்றிய பிறகு பற்கள் பழையபடி சேரவில்லை என்று தோன்றினால் உடனே காட்டுங்கள். வலிக்காகப் பற்களைத் தேய்த்துச் சமன்செய்வது, வரிசையாக கேப் போடுவது போன்ற திரும்பப் பெற முடியாத சிகிச்சைகளை யாராவது முதலிலேயே சொன்னால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பராமரிப்பு எளிது. காலையில் குளிர்ந்த நீரில் கழுவி, மென்மையான பிரஷ்ஷும் சாதாரண திரவ சோப்பும் கொண்டு தேய்த்தால் போதும். பற்பசை அக்ரிலிக்கைக் கீறிவிடும், வெந்நீர் வளைத்துவிடும். ஈரம் உலர்ந்ததும் காற்றுத் துளையுள்ள டப்பாவில் வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பல் அடைத்தாலோ கேப் போட்டாலோ தகட்டை எடுத்துச் சென்று மறுபடி சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் கொடுத்தது 7,000 ரூபாய். மறுபார்வைக் கட்டணமும் அதில் அடக்கம். ஊருக்கும் மருத்துவருக்கும் ஏற்ப இது கூடும், குறையும். விலையைக் கேட்கும்போதே, கெட்டித் தகடா மென்மையானதா, கடியைச் சரிசெய்வது அந்தத் தொகையில் சேருமா, உடைந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். தனியார் கிளினிக்கின் தொகை கட்டுப்படியாகாதவர்கள் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாய் திடீரென்று திறந்தபடியோ மூடியபடியோ மாட்டிக்கொண்டால், அல்லது வலியோடு முகத்தில் வீக்கமும் காய்ச்சலும் இருந்தால், கார்டைத் தேடிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.