ஈசோப்பு என்று சொல்லி சீமை நாயுருவியைத் தலையில் கட்டினார்கள்

பண்டாரவளைப் பக்கம் பூச்செடி வளர்ப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். ‘மாதக்கணக்கில் பூக்கும் ஹிசொப், ஒருமுறை நட்டால் வருடா வருடம் பூ’ என்று ஊதாக் கதிர்ப் படத்தோடு பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வந்தது. கன்று 850 ரூபாய். ஐந்து கன்றும் கொறியர் 450 ரூபாயுமாக 4,700 ரூபாயை முன்கூட்டியே வங்கியில் போட்டேன். அது என் முதல் பிழை.

‘சங்கீதத்தில் வரும் அதே ஈசோப்பு’ என்றும் அதில் போட்டிருந்தார்கள்; ஹிசொப்புக்குத் தமிழ் வேதாகமத்தில் உள்ள பெயர் அது. அம்மா விழுந்தது அந்த வரியில்தான். படத்தில் இருந்ததோ அனிஸ் ஹிசொப், வட அமெரிக்கச் செடி. தாவீது ராஜா காலத்தில் அது எப்படி எருசலேமுக்குப் போயிருக்கும்? ஹிசொப் என்ற பெயரில் தென் ஐரோப்பாவில் வளரும் மூலிகை இன்னொன்றும் இருக்கிறது, அது படத்தில் இருந்த செடியல்ல. இதையெல்லாம் காசு போன பிறகுதான் தேடிப் படித்தேன்.

கன்றுகள் செழிப்பாகத்தான் வளர்ந்தன. பூத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. படத்தில் போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி அடர்ந்த கதிர். என் தொட்டியில் சாட்டை போல ஒரு குச்சி, அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலப் பூ. கொழுந்து எடுத்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என்ன மிஸ், சீமை நாயுருவிக்கு உரம் வேற போடுறீங்களா? எங்க மலையில இதப் புடுங்க ஆள் பத்தல” என்றார்.

எதிரெதிர் இலை, நீலக் கதிர் இரண்டும் இரண்டு செடிக்கும் உண்டு. ஆனால் அனிஸ் ஹிசொப் இலையைக் கசக்கினால் பெருஞ்சீரக வாசம் வரும். பெட்டி வந்த அன்றே ஓர் இலையைக் கசக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

விற்றவரிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். “உங்க மண் சரியில்ல, அதான் பூ மாறிட்டு” என்று பதில். மண் சரியில்லாவிட்டால் செடி சாகும், வேறு செடியாகவா மாறும்? விடாமல் கேட்டதும் ஒரு பொட்டலம் விதை அனுப்பி, ஒரு விரல் ஆழத்தில் ஊன்றச் சொன்னார். அனிஸ் ஹிசொப் விதை மிகப் பொடி, முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணின் மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். வளர்த்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. வேரில் நீர் நின்றால் செடி அழுகும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு மேடான பாத்தி வேண்டும் என்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காசைத் திருப்பிக் கேட்டேன், பிளொக் செய்துவிட்டார்.

இனி நேரில் போய் இலையை முகர்ந்து பார்க்காமலோ, பொருள் கைக்கு வருமுன்னோ காசு கொடுக்காதீர்கள். சீமை நாயுருவியை அம்மா பிடுங்க விடவில்லை. வண்ணத்துப்பூச்சி வருகிறதாம்.